இரண்டணாச் சாலை

வியாசர்பாடி என்று சொன்னவுடன் வாசகர்களில் சிலர் வேத வியாசரைத் தேடிப் புறப்பட்டுவிடுவார்கள். அவர்களைத் தடுக்க எனக்கு விருப்பமில்லை. அந்த ஊரில் இரவீசுவரர் கோவில் இருக்கிறது. வியாசர் வந்து வழிபட்ட தலம் என்று ஸ்தல புராணம் சொல்கிறது. ஆனால் நான் சொல்லப் போகும் பாரதம் வேறு. அதில் பாண்டவரும் இல்லை, கௌரவரும் இல்லை. இரும்பு, தண்ணீர், தார், சிமிண்டு ஆகிய நாலு பங்காளிகள் இருக்கிறார்கள். அவர்கள் சண்டையிட்டது ஹஸ்தினாபுரத்துக்காக அல்ல, கல்கத்தாவிலும் பிறகு டில்லியிலும் இருந்த கஜானாவுக்காக.

சண்டை நடந்த குருக்ஷேத்திரங்களில் ஒன்று வியாசர்பாடி என்று சொன்னால் நம்புவீர்களா? மூலக்கொத்தளத்திலிருந்து வடக்கே நடந்து பாருங்கள். முதலில் ரயில் பாதை குறுக்கிடும். அப்புறம் கருநீலமாய்த் தேங்கி நிற்கும் ஒரு கால்வாய். அதன் பெயர் கேப்டன் காட்டன் கால்வாய். கொஞ்ச தூரத்தில் பக்கிங்ஹாம் கால்வாய். இவற்றையெல்லாம் தாண்டி எருக்கஞ்சேரி நெடுஞ்சாலை என்ற பெயரில் ஓடுகிறதே, அதுதான் கல்கத்தாவுக்குப் போகும் பழைய வடக்குப் பெருஞ்சாலை. ஜி.என்.டி. ரோடு என்று லாரிக்காரர்கள் சொல்வார்கள். ரயிலும் கால்வாயும் சாலையும் இப்படி அரை மணி நடைக்குள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் இடம் அதிகமில்லை.

என் தாய்மாமன் ஒரு ரோடு ஓவர்சியர். நான் ஏழெட்டு வயதுப் பையனாயிருந்தபோது விடுமுறை நாட்களில் அவருடைய சைக்கிளின் முன்பாரில் உட்கார்ந்து இந்தச் சாலைக்கு வந்திருக்கிறேன். எனக்கு வேண்டியிருந்ததெல்லாம் ரோடு என்ஜினைப் பார்க்க வேண்டும், தார்ப் பீப்பாய் கொதிக்கும் வாசனையை முகர வேண்டும். இவ்வளவுதான். ஆனால் ஞாபகத்தில் தங்கியது வேறு. சாலையோரத்தில் ஓலைத் தட்டி ஒன்றைச் சாய்த்து, அதன் நிழலில் உட்கார்ந்து ஜல்லி உடைத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி. பக்கத்து வேப்ப மரத்தில் பேரக் குழந்தை தூளியில் தூங்கியது. ஒரு மரப்பெட்டி நிறைய ஜல்லி உடைத்தால் இத்தனை காசு என்று கணக்கு. கட்டைவிரலில் சைக்கிள் டியூப்பின் துண்டைச் சுற்றியிருந்தாள். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டு சிரித்தாள்.

"இன்னா தம்பி பாக்கறே? இந்தக் கல்லு மேலதான் நாளைக்கு நீ மோட்டார்ல போவே!"

"நீங்க போமாட்டீங்களா, ஆயா?" என்று கேட்டேன்.

"நான் எங்கே போறது? எனக்கு நடக்கறதுக்கு மண்ணு போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கல்லை எடுத்து வைத்தாள்.

அந்தப் பதிலின் அர்த்தம் எனக்கு அன்று விளங்கவில்லை. சாலைக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், யார் கேட்டு வாங்குகிறார்கள் என்ற சரித்திரத்தைப் பிற்காலத்தில் படித்தபோதுதான் மெல்ல விளங்கத் தொடங்கியது.

*

இந்தியாவில் முதன் முதலில் ரயில் ஓடியது எங்கே என்று கேட்டால், பள்ளிப் பிள்ளைகள் பம்பாயிலிருந்து தானாவுக்கு, 1853-ல் என்று ஒப்பிப்பார்கள். ஜனங்கள் ஏறிப் போன ரயிலைப் பற்றி அது சரி. ஆனால் அதற்குப் பதினாறு வருஷம் முன்பே, 1837-ல், நமது செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கமாக ஒரு தண்டவாளம் போட்டுக் கல் ஏற்றி வந்தார்கள். எதற்குக் கல்? சென்னைப் பட்டணத்துச் சாலைகளுக்கு! சாலை போடுவதற்காகவே பிறந்த ரயில் அது. சில வருஷங்களில் மறைந்தும்விட்டது. பிற்காலத்தில் ரயிலும் சாலையும் கீரியும் பாம்புமாக நின்றதை நினைக்கும்போது, ரயில் பிறந்ததே சாலைக்குக் கல் சுமக்கத்தான் என்பது வேடிக்கையாக இல்லையா?

அந்தத் தண்டவாளத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் ஆர்தர் காட்டன். ஆம், கொள்ளிடத்திலும் கோதாவரியிலும் அணை கட்டியவர்தான். வியாசர்பாடிக் கால்வாயின் பெயரைக் கேட்டவுடன் நினைவுக்கு வருகிறவரும் அவரே. ஆனால் வயதாக ஆக அவருக்கு ரயிலில் நம்பிக்கை போய்விட்டது. இந்த தேசத்துக்கு வேண்டியது தண்ணீர், படகு போகும் கால்வாய் வெட்டினால் பயிரும் விளையும், சரக்கும் மலிவாகப் போகும் என்று வாதாடினார். 1878-ல் லண்டன் பார்லிமெண்டு கமிட்டியின் முன்னால் இதைத்தான் சொன்னார். அப்பொழுதுதான் தென்னாட்டைப் பெரும் பஞ்சம் உலுக்கி ஓய்ந்திருந்தது. பஞ்ச நிவாரண வேலையாக வெட்டிச் செப்பனிட்ட கால்வாய்க்கு அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரையும் சூட்டியாகிவிட்டது. இருந்தும் என்ன? காட்டன் தோற்றார்.

ஏன் தோற்றார்? கால்வாய்க்கு மண்வெட்டியும் கூடையும் போதும். அதை வெட்டினால் இங்கிலாந்தில் எந்த ஆலைக்காரனுக்கும் ஆர்டர் கிடைக்காது. ரயிலுக்கோ தண்டவாளம், என்ஜின், பாலத்து இரும்பு எல்லாம் அங்கிருந்து கப்பலில் வர வேண்டும். பருத்தியை உள்நாட்டிலிருந்து துறைமுகத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று மான்செஸ்டர் வர்த்தகர்கள் 1840-களிலேயே கம்பெனியாரை நச்சரிக்கத் தொடங்கிவிட்டார்கள். கடைசியில் ஏற்பாடு என்னவாயிற்று தெரியுமா? ரயில் கம்பெனிகள் போடும் முதலுக்கு நூற்றுக்கு 5 வீதம் லாபத்துக்கு இந்திய சர்க்கார் ஜாமீன். ரயில் லாபத்தில் ஓடினாலும் சரி, நஷ்டத்தில் ஓடினாலும் சரி, நூற்றுக்கு 5 வந்துவிடும். குறைவதை நம்முடைய குடியானவன் நிலவரியில் ஈடு செய்வான். முதல் போட்டவர்களுக்குத் தங்கள் பணம் ஹூக்ளி நதியில் கொட்டப்பட்டாலும் கவலையில்லை என்ற பொருள்பட, இந்தியாவில் நிதி மந்திரியாயிருந்த மாஸ்ஸி என்ற ஆங்கிலேயரே பின்னால் சாட்சி சொன்னார்.

அந்த ஜாமீனில் பிறந்த சென்னை ரயில்வே கம்பெனிதான் 1856-ல் ராயபுரத்திலிருந்து ஆற்காட்டுச் சீமைக்கு முதல் வண்டியை விட்டது. ராயபுரம் ஸ்டேஷனின் தூண்கள் இன்றைக்கும் அழகாக நிற்கின்றன. நானும் போய் அண்ணாந்து பார்த்து வியந்திருக்கிறேன். கட்டடம் அழகானது என்பதற்காகக் கணக்கை மறந்துவிடக் கூடாது.

*

ரயில் வந்ததும் சாலை அநாதையாயிற்று. ஜில்லா போர்டுகளும் தாலுகா போர்டுகளும் தங்களால் இயன்ற மட்டும் கப்பி போட்டன. 1919-ஆம் வருஷத்துச் சீர்திருத்தத்தில் சாலை இலாகா மாகாணங்களின் தலையில் கட்டப்பட்டது. சுங்க வரி, வருமான வரி போன்ற கொழுத்த வரிகளை மத்திய சர்க்கார் வைத்துக்கொண்டது. கையில் காசில்லாதவனிடம் குடும்பப் பொறுப்பைக் கொடுத்த கதைதான். அந்தச் சமயத்தில்தான் மோட்டார் வந்து சேர்ந்தது. முதல் யுத்தம் முடிந்த பிறகு கிராமத்துச் சாலைகளில் பஸ்கள் புழுதி பறக்க ஓடின. மாட்டு வண்டியைத் தாங்கிய கப்பிச் சாலை மோட்டாரின் வேகத்தைத் தாங்கவில்லை. ரப்பர் சக்கரம் மேல்மண்ணை உறிஞ்சி எடுத்தது. அடியிலிருந்த ஜல்லி பல்லை இளித்தது.

இப்போது நாலாவது பங்காளியான சிமிண்டு மேடைக்கு வருகிறது. அதன் பிறப்பும் நமது பட்டணத்தில்தான். 1904-ல் சௌத் இந்தியா இண்டஸ்டிரியல்ஸ் என்ற கம்பெனி, கடல் கிளிஞ்சலைக் கொண்டு சென்னையில் போர்ட்லாந்து சிமிண்டு செய்து பார்த்தது. எண்ணூர், பழவேற்காட்டுக் கழிகளில் கிளிஞ்சலுக்குப் பஞ்சமில்லை. தலைமுறை தலைமுறையாக நம்மவர் அதைச் சுட்டுத்தான் சுண்ணாம்பு எடுத்து வீடு கட்டினார்கள். ஆனால் சிமிண்டு முயற்சி நிலைக்கவில்லை. 1914-ல் கத்தியவாரில் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் வேரூன்றியது. யுத்த காலத்தில் அயல்நாட்டுச் சிமிண்டு வராமற்போகவே விலை ஏறியது. லாபத்தைப் பார்த்துப் பலர் ஆலை வைத்தார்கள். யுத்தம் முடிந்து சில வருஷங்களுக்குள் நாடு வாங்கக்கூடியதைவிட அதிகமாகச் சிமிண்டு குவிந்தது. ஒருவருக்கொருவர் போட்டி போட்டு, அடக்க விலைக்கும் கீழே விற்றார்கள். சில கம்பெனிகள் திவாலாயின.

தத்தளித்த முதலாளிகள் காப்பு வரி கேட்டு டாரிஃப் போர்டிடம் ஓடினார்கள். 1925-ல் போர்டு விசாரித்தது. உங்களுக்குச் சத்துரு அயல்நாட்டான் அல்ல, உங்களுடைய போட்டியேதான் என்ற விதமாக விஷயம் முடிந்தது. எதிர்பார்த்த பாதுகாப்பு கிடைக்கவில்லை.

அப்போது அவர்களுக்கு ஒரு ஞானோதயம் உண்டாயிற்று. விலையைக் காப்பாற்ற முடியாவிட்டால் தேவையை வளர்க்கலாமே! 1925-ல் உற்பத்தியாளர் சங்கம் கூடியது. 1927-ல் கான்கிரீட் அசோஸியேஷன் என்ற ஸ்தாபனம் பிறந்தது. சிமிண்டை எப்படிக் குழைப்பது, எதற்கெல்லாம் உபயோகிப்பது என்று ஜனங்களுக்கும் என்ஜினீயர்களுக்கும் கற்றுக் கொடுப்பது அதன் தொழில். யாராவது பாலம் கட்ட நினைத்தால் போதும், ஆலோசனையோடு ஆள் வந்து நிற்பான். அதே காலத்தில் மோட்டார், பெட்ரோல் வியாபாரத்தில் சம்பந்தப்பட்டவர்கள் பம்பாயில் இந்தியச் சாலை, போக்குவரத்து அபிவிருத்திச் சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார்கள். பத்திரிகைக்கு எழுதுவது, சட்டசபை அங்கத்தினர்களைச் சந்திப்பது, கமிட்டிகளுக்கு மகஜர் கொடுப்பது எல்லாம் முறைப்படி நடந்தன. எல்லாருடைய கோரிக்கையும் ஒன்றுதான்: சாலைக்கு மத்திய கஜானாவிலிருந்து பணம் வர வேண்டும்.

வாசகர்கள் இங்கே முகத்தைச் சுளிக்கலாம். சுயநலம்தானே என்று கேட்கலாம். வாஸ்தவம். ஆனால் நடந்ததைப் பாருங்கள்.

1927 நவம்பரில் மத்திய சர்க்கார் ஒரு கமிட்டியை நியமித்தது. தலைவர் முகுந்தராவ் ஜெயகர். பம்பாயின் பெரிய பாரிஸ்டர், சட்டசபையில் பேர் போனவர். பிற்காலத்தில் பூனா சர்வகலாசாலையின் முதல் உபவேந்தரானவர். கமிட்டி ஊர் ஊராகச் சாட்சியம் வாங்கி 1928-ல் அறிக்கை கொடுத்தது. சாலை அபிவிருத்தி மாகாணங்களுக்கும் ஸ்தல ஸ்தாபனங்களுக்கும் மீறிய பாரமாகிவிட்டது, அது தேசம் முழுவதற்கும் சம்பந்தப்பட்ட விஷயம், ஆகவே மத்திய வருமானத்திலிருந்து செலவிடுவது நியாயந்தான் என்று அது சொல்லிற்று. பணத்துக்கு வழி? பெட்ரோல் காலன் ஒன்றுக்கு இருந்த நாலணா வரியை ஆறணாவாக்குவது. அந்த அதிகப்படி இரண்டணாவைப் பொதுக் கணக்கில் கலக்காமல் தனியே எடுத்து வைத்துச் சாலைக்கே செலவிடுவது.

1929 மார்ச்சு மாதம் இரண்டணா ஏறியது. சாலை நிதி பிறந்தது. நூற்றுக்குப் பத்து மத்திய சர்க்காரின் கையிருப்பு. மிச்சம், எங்கே எவ்வளவு பெட்ரோல் செலவாகிறதோ அந்த விகிதப்படி மாகாணங்களுக்கு. முதலில் ஐந்து வருஷத்துக்கு என்று வைத்த ஏற்பாடு நிலைத்துவிட்டது. வரி கேட்டு வியாபாரிகள் மகஜர் கொடுத்த அதிசயத்தைக் கவனித்தீர்களா? வரி சாலைக்குப் போகும், சாலை வந்தால் மோட்டார் விற்கும், பெட்ரோல் விற்கும், சிமிண்டு விற்கும் என்பது அவர்களுடைய கணக்கு. கணக்கு சரியாகவே இருந்தது.

*

ஆனால் ரயில் என்ற மூத்த பங்காளி சும்மா இருப்பானா? ரயில்களில் போட்ட முதல் சர்க்காருடையது. பஸ் வந்தபின் பக்கத்து ஊர்களுக்கு ரயிலேறுவோர் குறைந்தார்கள். பெட்ரோல் வரியால் சாலை போட்டு, அந்தச் சாலையாலேயே ரயிலுக்கு நஷ்டம் உண்டாக்குவது ஒரு கையால் கொடுத்து மறு கையால் பிடுங்குவதல்லவா? 1932-ல் மிட்செல், கிர்க்னெஸ் என்ற இரு அதிகாரிகள் இந்தப் போட்டியை ஆராய்ந்தார்கள். அடுத்த வருஷம் சிம்லாவில் மகாநாடு நடந்தது. சாலைக்கு மேலும் மேலும் பணம் என்ற உற்சாகத்துக்கு அங்கே கொஞ்சம் கடிவாளம் போடப்பட்டது. இதற்கிடையில் நமது மாகாணத்தில் 1931-ஆம் வருஷத்து மோட்டார் வரிச் சட்டம் வந்தது. ஜில்லா போர்டுகளின் சுங்கச் சாவடிகள் எடுபட்டன. வண்டிக்காரர்களுக்கு ஒரு தொல்லை ஒழிந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1934 டிசம்பரில் டில்லியில் இந்தியச் சாலைக் காங்கிரஸ் கூடியது. இது அரசியல் காங்கிரஸ் அல்ல, என்ஜினீயர்களின் சபை. ஜெயகர் கமிட்டியின் யோசனைகளில் விளைந்தது. அங்கே தாருக்கும் சிமிண்டுக்கும் வழக்கு. தார் போடுவது மலிவு, சீக்கிரம் முடியும் என்பது ஒரு கட்சி. முதலில் செலவானாலும் சிமிண்டுச் சாலை நாள்பட உழைக்கும், உள்நாட்டுச் சரக்கு என்பது மற்றக் கட்சி. இருவருக்கும் பொதுச் சத்துரு மாட்டு வண்டிதான்! அதன் இரும்புப் பட்டா தாரைக் கத்தி போல் கீறிவிடும். பல நூற்றாண்டாக இந்த தேசத்துப் பாரத்தைச் சுமந்த கட்டை வண்டி, சாலையைக் கெடுக்கும் குற்றவாளியாகக் கூண்டில் நின்றது. அதன் சார்பில் வாதாட எந்தச் சங்கமும் வரவில்லை.

சிமிண்டு முதலாளிகளோ பலப்பட்டுக்கொண்டே போனார்கள். 1936-ல் எஃப். இ. தின்ஷாவின் திட்டப்படி பத்துக் கம்பெனிகள் ஒன்றாகி ஏ.சி.சி. உருவாயிற்று. தின்ஷா அதைக் கண்ணால் பார்க்க இருக்கவில்லை. அந்த வருஷத் தொடக்கத்திலேயே காலமானார். சண்டையிட்டுத் திவாலான ஒரு தொழில், பத்தே வருஷத்தில் ஒரே குரலில் பேசக் கற்றுக்கொண்டது. தெற்கே மதுக்கரையிலும் டால்மியாபுரத்திலும், சுதந்திரத்துக்குப் பிறகு தாழையூத்திலும் ஆலைகள் புகைந்தன.

1943 டிசம்பரில் மாகாணத் தலைமை என்ஜினீயர்கள் நாகபுரியில் கூடி ஒரு திட்டம் வகுத்தார்கள். நன்றாகப் பயிராகும் பிரதேசத்தில் எந்தக் கிராமமும் பெரிய சாலைக்கு ஐந்து மைலுக்கு மேல் தள்ளியிருக்கக் கூடாது என்பது அதன் லட்சியம். இதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே மனம் நெகிழ்ந்தது. பிரசவ வேதனையில் கட்டை வண்டியில் துடித்துப் போன பெண்களை நினைத்தால், அந்த ஐந்து மைல் வெறும் எண்ணிக்கை அல்ல. பெட்ரோல் விற்க வேண்டும், சிமிண்டு விற்க வேண்டும் என்று தொடங்கிய பேச்சு இப்படியொரு லட்சியத்தில் வந்து முடிந்தது. சுயநலத்தால் நன்மை விளைவதே இல்லை என்று சத்தியம் செய்ய நான் தயாராயில்லை.

ஆனால் ஒன்று. சுயநலம் தனக்குப் பயன்படும் தூரம் வரைதான் நன்மையைச் சுமந்து வரும். அதற்கு மேல் இறக்கி வைத்துவிடும்.

*

இன்றைய நிலைமைக்கு வருவோம். இரண்டணாவின் பேரப்பிள்ளை இப்போதும் பெட்ரோலிலும் டீசலிலும் உட்கார்ந்திருக்கிறது. 2000-ஆம் வருஷத்துச் சட்டம் மத்திய சாலை நிதிக்கு உறுதியான அஸ்திவாரம் போட்டது. தங்க நாற்கரச் சாலை எழுந்தது. வியாசர்பாடியைத் தாண்டி வடக்கே போகும் கல்கத்தா மார்க்கம் அதில் ஒரு புஜம். உலகத்திலேயே சீனாவுக்கு அடுத்தபடி அதிகச் சிமிண்டு செய்யும் நாடு நம்முடையது. வரவு செலவுத் திட்டம் வருமுன் சிமிண்டு முதலாளிகள் சாலைக்கு அதிகம் ஒதுக்குங்கள், சிமிண்டு வரியைக் குறையுங்கள் என்று கேட்பது தை பிறந்தால் பொங்கல் வருவது போல் வழக்கமாகிவிட்டது. 2017 முதல் நூற்றுக்கு 28 ஆக இருந்த வரி, 2025 செப்டம்பரில் 18 ஆகக் குறைந்தது. விடாமல் கேட்டால் கிடைக்கும் என்பதற்கு இது அத்தாட்சி.

1931-ல் எடுபட்ட சுங்கச் சாவடியும் திரும்ப வந்துவிட்டது. செங்குன்றம் தாண்டினால் நல்லூரில் நிற்கிறது. பெட்ரோலில் ஒரு வரி, வண்டிக்கு ஒரு வரி, சாவடியில் ஒரு வரி. ஒரே சாலைக்கு மூன்று முறை கொடுக்கிறோம்.

இந்த நிதியின் விதியும் விசித்திரமானது. 2018-ல் அதன் பெயரை மாற்றிச் சாலை மற்றும் உள்கட்டமைப்பு நிதி என்று ஆக்கினார்கள். ரயிலுக்கும் நீர்வழிக்கும்கூட அதிலிருந்து எடுக்கலாம் என்று ஏற்பட்டது. ஒரு காலத்தில் சாலை நிதியைக் கண்டு பயந்த ரயில் அதிலேயே பங்கு பெறுகிறது! நீர்வழி என்றால் பக்கிங்ஹாம் கால்வாயும் 2008-ல் அறிவிக்கப்பட்ட நாலாவது தேசிய நீர்வழியைச் சேர்ந்ததுதான். 1878-ல் தோற்ற ஆர்தர் காட்டனுக்குக் காகிதத்தில் ஜயம் கிடைத்துவிட்டது. ஆனால் பேசின் பாலத்தில் நின்று அந்த நீர்வழியைப் பாருங்கள். மூக்கைப் பிடித்துக்கொண்டு பாருங்கள்.

துறைமுகத்தின் கதையோ பொறுமைக்குச் சோதனை. பெட்டி லாரிகள் திருவொற்றியூர் வரை நாட்கணக்கில் வரிசை நின்ற காலத்தை வடசென்னைக்காரர்கள் மறக்க மாட்டார்கள். எண்ணூர் மணலிச் சாலைத் திட்டத்துக்கு நெடுஞ்சாலை ஆணையம், இரண்டு துறைமுகங்கள், மாநில சர்க்கார் என்று நாலு பேர் கூட்டுச் சேர்ந்தும் வருஷங்கள் ஓடின. துறைமுகத்திலிருந்து மதுரவாயலுக்கு உயர்சாலை என்று 2009-ல் அஸ்திவாரக் கல் நாட்டினார்கள். கூவத்தின் ஓட்டம் தடைப்படும் என்று 2012-ல் வேலை நின்றது. தூண்கள் மட்டும் கூவத்தங்கரையில் மொட்டையாய் நின்றன. 2022-ல் இரண்டடுக்குப் பாலமாக்குவோம் என்று மறுபடி ஓர் அஸ்திவாரக் கல். ஒரே சாலைக்கு இரண்டு அஸ்திவாரக் கல் நாட்டும்போதும் கல் விற்றவனுக்கு நஷ்டமில்லை.

சமீபத்தில் ஒரு மழை நாளில் வியாசர்பாடிக்குப் போனேன். கணேசபுரம் சுரங்கப்பாதையைத் தண்ணீர் மூடியிருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு சுற்று வழியில் நடந்தார்கள். ஒரு கிழவர் காய்கறி வண்டியைத் திருப்ப முடியாமல் திணறினார். நானும் ஒரு கை கொடுத்தேன். சுரங்கப்பாதையில் தண்ணீர் வடிவதற்காக மகஜர் கொடுக்கும் சங்கம் எது என்று யோசித்தேன். தண்ணீர் வடிந்தால் யாருக்கும் எந்தச் சரக்கும் விற்காது. அதனால்தானோ என்னவோ, அது மழைக்கு மழை காத்திருக்கிறது.

சாலை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த இரண்டணாவைக் கேட்டு வாங்கியவர்களுக்கு நன்றி சொல்லவும் தடையில்லை. சரக்கு விற்பவன் பேசட்டும். அது அவனுடைய உரிமை. ஆனால் அவன் ஒருவன் மட்டுமே பேசுகிற சபையில் நாம் சும்மா உட்கார்ந்திருந்தால், குறை அவனுடையது அல்ல.

வண்டியைத் திருப்பிவிட்டு நான் பழைய இடத்தைத் தேடினேன். வேப்ப மரம் இல்லை. ஓலைத் தட்டி சாய்ந்திருந்த இடத்தில் லாரிகள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்று நிறைய ஜல்லி. இயந்திரம் உடைத்த ஜல்லி, எல்லாம் ஒரே அளவு. அந்த ஆயா தன் கல்லின் மேல் ஒரு நாளாவது மோட்டாரில் போனாளா என்று கேட்க அங்கே யாருமில்லை. நான் சாலையின் ஓரத்தில், அவள் சொன்ன மண்ணில், ஸ்டேஷனை நோக்கி நடந்தேன். அந்த மண்ணும் இப்போது முழங்கால் அகலந்தான் மிச்சம்.